பாதி விலை சொல்லிவிட்டு நட

கேட் வரைக்கும் கம்பீரமாக நடந்து வந்த பிறகுதான், செருப்பு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது என்பது டைம்கீப்பருக்கு உறைத்தது.

குளியலறைக் குழாயைச் சோதிக்கப் பின்வாசல் வழியாகப் போனவர் அங்கேயே கழற்றிப் போட்டிருந்தார். பிறகு, சாவி வைத்திருந்த, முன்திண்ணையிலேயே கடை போட்டிருந்த இஸ்திரிக்காரரிடம், "பத்து லட்சமா? அஞ்சுன்னா சொல்லுங்க, இல்லேன்னா ஆளை விடுங்க," என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக வெளியேறியாகிவிட்டது. வெளியேறியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. 'கேட்ட விலையில் பாதி சொல், சொன்ன கையோடு நட, கேட்டைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள்' என்று ஓர் ஓட்டல் மாடியில் நடந்த ஒருநாள் வகுப்பில், கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தந்திருந்தார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் சிமெண்டுத் தரை அடுப்பாய்க் காய்ந்தது. டைம்கீப்பர் இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு மாற்றிக்கொண்டார். இதே மாதிரி நிற்கிற கொக்குக்கு ஒரு மீனாவது கிடைக்கும்.

ஆளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை விசிலடித்து மற்றவர்களைக் கிளப்பி விட்டாரே தவிர, தான் எதிலும் ஏறியதில்லை. மலிவாக ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு, மாதம் பிறந்தால் கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை வந்து எட்டு வருடம் ஆகிறது. பாதி விலை சொல்லிவிட்டு அவர் வெளிநடப்புச் செய்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு சின்ன ஊர் தேறும், அதற்குத் தனியாக ஒரு தபால்காரரே போட வேண்டியிருக்கும். நடந்து நடந்து தொப்பை கரைந்ததுதான் இதுவரை கண்ட லாபம்.

தொடக்கத்தில் மனைவியும் கூடவே வந்துகொண்டிருந்தாள். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். ஒரு நாள், "நான் பாக்க வேண்டியத பாத்தாச்சு. இனிமே நீங்க பாருங்க," என்று சொல்லி நின்றுவிட்டாள். அவளுக்குப் பொறுமை அவ்வளவுதான் என்று டைம்கீப்பர் நினைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த பொறுமையும் இந்த மாதத்தோடு முடிகிறது. ஓய்வுப் பணம் இருவர் பேரிலும் வங்கியில் வந்து உட்கார்ந்த அன்றே மனைவி கெடு வைத்துவிட்டாள்.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு வீட்ட வாங்குங்க. இல்லேன்னா பணம் என் தம்பியோட முயல் பண்ணைக்குப் போகும்."

டைம்கீப்பருக்கு அன்றிலிருந்து தூக்கத்தில் காதுகள் வந்தன, நீள நீளமாக. மச்சினன் ஏற்கெனவே காடை வளர்த்தான், காளான் வளர்த்தான். தாடி ஒன்றுதான் நன்றாக வளர்ந்தது. அவன் கையில் தன் பணம் போவதைவிட அதை ஜன்னல் வழியாக வீசிவிடலாம், தெருவில் நாலு பேராவது வாழ்த்துவார்கள்.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. இந்த வீட்டைப் பற்றித் தகவல் கொண்டுவந்ததும் மனைவிதான். "எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. காலியா இருக்காம். போய்ப் பாருங்களேன்."

இரண்டு அறை, ஒரு சமையலறை, வாளியில் முட்டி பாதிக்கு மேல் திறக்காத குளியலறைக் கதவு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் நலமா என்று கேட்கும் தூரம். டைம்கீப்பர் ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மூலைகளை மோந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தில் உருட்டினார். அது நேராகச் சமையலறைக்குள் போய்விட்டது. பத்து வருட வாடகைக்கு மேல் கொடுத்து வீடு வாங்காதே என்பது வகுப்பில் சொன்ன இன்னொரு பாடம். அந்தக் கணக்குப்படி வீடு எட்டு லட்சம் பெறும். ஆகவே பத்துக்குப் பாதி ஐந்து, பேரம் பேசி எட்டு. கணக்கு பிசகவில்லை. செருப்புதான் பிசகியது.

கடைசியில் அவர் திரும்பி நடந்தார்.

"வந்துட்டீங்களா?" இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரில் ஓட்டியபடியே கேட்டார் இஸ்திரிக்காரர்.

"செருப்பு."

"எல்லாரும் இப்படித்தான் சார். போன வாரம் ஒருத்தர் குடைன்னு திரும்பி வந்தாரு. அதுக்கு முன்னால ஒருத்தர் கண்ணாடின்னாரு. வீடு பிடிச்சுப் போச்சுன்னு நேரா சொல்ல வெட்கம்."

"நெஜமாவே செருப்புதான்யா."

"நான் இல்லேங்கலையே. இருங்க, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அவர் கடை மூலைக்குப் போய் போனில் கிசுகிசுத்தார். டைம்கீப்பர் அந்த இடைவெளியில் ஆலோசனை கேட்க மனைவிக்குப் போன் போட்டார். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகக் குரல் வந்தது. தம்பியாக இருக்கும், முயல் விஷயமாக இருக்கும்.

இஸ்திரிக்காரர் திரும்பி வந்தார். "வெறுங்காலோட வெயில்ல நிக்கிற அளவுக்கு ஆசைப்படறாரான்னு கேட்டாங்க. பத்தரைன்னுட்டாங்க."

செருப்பின் விலை அரை லட்சம். டைம்கீப்பர் அதைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"ஏறிப் போச்சா?" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

"ஏறினா என்ன, இறக்கத் தெரியாதா எனக்கு? நாளைக்கு எங்க டிப்போ கண்டக்டரை இன்ஜினீயர்னு கூட்டிட்டுப் போறேன். குறைய அடுக்கப் போறோம். குறைக்கு ஒரு லட்சம் கழிச்சாலே போதும்."

"அப்படியா? என்னென்ன குறைங்க?"

மனைவி இவ்வளவு அக்கறையாகக் கேட்டு வருடக் கணக்காகிறது. டைம்கீப்பர் நெகிழ்ந்துபோனார். கூடத்துச் சுவரில் விரிசல், சமையலறைக் குழாயில் ஒழுகல், தரையில் சரிவு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில், "விரிசல் எந்தப் பக்கச் சுவருங்க?" என்றுகூடக் கேட்டாள்.

மறுநாள் ஓய்வுபெற்ற கண்டக்டர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு இன்ஜினீயராக வந்தார். இருவரும் உள்ளே நுழைந்தால், கூடத்தில் ஏணி போட்டு ஒரு கொத்தனார் விரிசலைப் பூசிக்கொண்டிருந்தார். குழாய் புதிதாகப் பளபளத்தது. ஒரு மூலையில் தரை பெயர்த்துக் கிடந்தது.

"குறை சொல்லித்தான் விலையக் குறைப்பாங்கன்னு ஓனருக்குத் தெரியாதா சார்?" என்றார் இஸ்திரிக்காரர். "விடியறதுக்குள்ள ஆள் அனுப்பிட்டாங்க. செலவு சேத்துப் பதினொண்ணு."

டைம்கீப்பர் கண்டக்டரை விலாவில் இடித்தார். "ஏதாவது சொல்லுய்யா. இன்ஜினீயர் மாதிரி."

கண்டக்டர் சுவரருகே போனார். தீவிரமாகப் பார்த்தார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிய பிறகு வாய் பழக்கத்தை விடுமா?

"ரைட், போலாம்."

கொத்தனார் ஏணியை விட்டு இறங்கி, கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இன்ஜினீயரே சரி என்று சொல்லிவிட்ட வேலை. அதற்கு மேல் அந்தச் சுவரில் குறை கண்டுபிடிக்க யாருக்கும் வாயில்லை.

அன்று சாயங்காலம் டைம்கீப்பர் சோர்ந்து உட்கார்ந்தபோது கண்டக்டர்தான் வழி சொன்னார்.

"அண்ணே, நாலு பேர அனுப்புவோம். வாங்கற மாதிரி வந்து, ஒருத்தன் நாலும்பான், ஒருத்தன் மூணரைம்பான், ஒருத்தன் மூணும்பான். ஓனருக்கு நெஞ்சு விட்டுப் போயிடும். அப்புறம் நீங்க போய் எட்டுன்னு சொன்னா சாமியே எறங்கி வந்த மாதிரி இருக்கும்."

டைம்கீப்பர் அதையும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப நாளைக்கு அங்க கூட்டமா இருக்குமா?"

"கூட்டம்னா, எல்லாம் நம்ம டிப்போ ஆளுங்கதான். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் யார்கிட்டங்க சொல்லப் போறேன்?"

நாலு பேர் என்று ஆரம்பித்தது, காலையில் டிப்போவின் பாதி ஓய்வூதியப் பட்டியலாக வந்து நின்றது. வீட்டில் சும்மா இருக்கிறவர்கள். ஒருவர் மதியத்துக்குச் சாப்பாடே கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் பழக்கத்தில் வரிசையாக நின்றார்கள். வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வரிசையைப் பார்த்தால் நின்றுவிட்டுப் பிறகு காரணம் கேட்கிற மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அவர்களும் வந்து நின்றார்கள்.

வாசலில் கண்டக்டர் நின்றிருந்தார். வாசற்படியில் ஆள் அடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவருக்குள் முப்பது வருட உத்தியோகம் விழித்துக்கொண்டது.

"வாசல்ல நிக்காதீங்க, உள்ள நகருங்க. உள்ள நிறைய இடம் இருக்கு. அம்மா, பையைத் தூக்கிப் பிடிங்க. சார், உள்ள சமையல்கட்டு காலியா இருக்கு, போங்க போங்க."

"யோவ், வீட்டப் புகழாதய்யா," என்று டைம்கீப்பர் ஜன்னல் வழியாகக் கெஞ்சினார்.

"புகழலண்ணே, உள்ள ஏத்தறேன்."

கூடத்தில் விலை சொல்லும் கட்டம் வந்தது. முதலில் நெட்டை டிரைவர். சொல்லிக் கொடுத்தபடியே, "நாலு லட்சம்," என்றார். அடுத்தவர் குட்டை டிரைவர். இவர் மூணரை சொல்ல வேண்டும். ஆனால் நெட்டையும் குட்டையும் ஒரே தடத்தில் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்கள். ஒருவர் புகையை இன்னொருவர் குடித்ததில்லை.

"நாலரை," என்றார் குட்டை.

"என்னடா சொல்ற?" டைம்கீப்பர் அவர் காதைக் கடித்தார். "கீழ போகணும்டா, கீழ."

"அவன் முன்னால போவான், நான் பின்னால போகணுமா? அது என் ராசியிலயே இல்ல."

"அஞ்சு," என்றார் நெட்டை, கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு.

"ஆறு."

"ஏழு."

வரிசையில் நின்ற டிப்போக்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்து குரல் கொடுத்தார்கள். தெருக்காரர்கள் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். எட்டு போனது, ஒன்பது போனது. இருவர் சட்டைப் பையிலும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சீப்பும் கொஞ்சம் மூக்குப்பொடியும் இருந்திருக்கும்.

"பதினொண்ணு," என்று குட்டை டிரைவர் சொன்னபோது நெட்டை டிரைவர் பன்னிரண்டுக்கு வாயைத் திறந்துவிட்டார். டைம்கீப்பருக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து, டிப்போவையே கிளப்பிய அந்தப் பழைய விசிலை அடித்தார்.

அரை நிமிடத்தில் வீடு காலி. விசில் கேட்டால் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஓடுகிறது. டிப்போக்காரர்கள் போன வேகத்தில் தெருக்காரர்களும் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பாட்டுக்காரர் மட்டும் டப்பாவுக்காகத் திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

விசிலுக்கு அசையாத ஒரே ஒரு ஆள் கூடத்தில் நின்றிருந்தார். குண்டு மனிதர். கையில் அளவு நாடா. அவர் டிப்போவைச் சேர்ந்தவர் அல்ல.

"நல்ல வீடா இருக்கும் போலிருக்கே," என்றார் அவர். "இவ்வளவு போட்டி."

டைம்கீப்பர் சுதாரித்துக்கொண்டார். அவருடைய குரல் இரங்கல் கூட்டத்தில் பேசுகிற குரலாக மாறியது.

"உங்களப் பாத்தா நல்லவரா தெரியுது, அதனால சொல்றேன். மழை பேஞ்சா இங்க தண்ணி நிக்கும் சார்."

"எவ்வளவு நிக்கும்?"

"முழங்கால் வரைக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"மாசக் கணக்கா. வடியவே வடியாது."

குண்டு மனிதர் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார். டைம்கீப்பருக்கு உற்சாகம் பிறந்தது.

"தண்ணியோட விட்டாத் தேவலையே. நத்தை சார், நத்தை. படையெடுத்து வரும். சுவரே தெரியாது."

"நத்தையுமா?" குண்டு மனிதர் கண்ணை மூடினார். "பெரிய நத்தையா?"

"எலுமிச்சம்பழம் தண்டிக்கு."

குண்டு மனிதர் கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது.

"நான் வாத்து வளர்க்கறவன் சார். நாலு வருஷமா இப்படி ஒரு இடத்தத்தான் நாயா அலைஞ்சு தேடிட்டிருக்கேன். தண்ணியும் இருக்கணும், தீனியும் தானா வரணும். நீங்க மனுஷனே இல்ல சார், தெய்வம்." அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இஸ்திரிக்காரரே, பன்னெண்டு போட்டுக்குங்க."

டைம்கீப்பர் சுவரில் சாய்ந்துகொண்டார். இந்தப் பக்கம் வாத்து, அந்தப் பக்கம் முயல். நாளை மாதத்தின் கடைசி வேலைநாள். வேறு வீடு பார்த்து, தட்டி, மோந்து, கோலி உருட்ட நேரமில்லை. மச்சினன் பண்ணை வாசலில் தாடியைத் தடவிக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது. எட்டு வருடமாகப் பாதி விலையைத் தவிர வேறு விலை சொல்லியறியாத வாய், தானாகத் திறந்தது.

"பன்னெண்டரை."

"சார், தண்ணி நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் வாத்துக்காரர், அடிபட்ட குரலில்.

"எனக்குத் தண்ணின்னா பிடிக்கும்."

"நத்தை?"

"அதுவும் பிடிக்கும்."

வாத்துக்காரர் பையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அதற்கு மேல் தன்னால் ஆகாது என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். இஸ்திரிக்காரர் மூலைக்குப் போய் போன் பேசிவிட்டு உடனே திரும்பினார்.

"முடிச்சுடலாம்னுட்டாங்க சார். நாளைக்கே ரிஜிஸ்டர். எப்பவும் யோசிச்சுச் சொல்றவங்க, இன்னைக்கு என்னமோ பேச முடியாம சிரிக்கறாங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் டைம்கீப்பர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டு பெறும் வீட்டுக்குப் பன்னிரண்டரை. மனைவி என்ன சொல்வாளோ என்று வாசலிலேயே நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

"கொஞ்சம் கூடப் போயிடுச்சு," என்றார் தரையைப் பார்த்து.

"போனாப் போகுது விடுங்க. வீடுன்னா கொஞ்சம் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும்."

டைம்கீப்பர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு தக்காளிக்குக் கடைக்காரனோடு கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள் பேசுகிற பேச்சா இது?

"உனக்குக் கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்? எட்டு வருஷம் கழிச்சு ஒண்ண முடிச்சிருக்கீங்க. எங்க ஆபீஸ்லயே மூலப் பத்திரத்தையும் படிச்சுட்டேன். வில்லங்கம் ஒண்ணும் இல்ல. ஓனரு ரொம்ப யோக்கியமானவங்கன்னு தெரியுது."

தாள் படிக்கும் வேலை எப்போதும் அவளுடையது. டைம்கீப்பரின் கண்ணுக்கு அடுத்த தெருவில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரியும், கையில் இருக்கும் காகிதத்தின் எழுத்துத் தெரியாது. இப்படிப்பட்ட மனைவி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று அவர் நினைத்தார்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் ஏகக் கூட்டம். ஒரு மேசை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. இரண்டில் எது மெதுவாகச் சுற்றுகிறது என்று சொல்ல முடியவில்லை. டைம்கீப்பர் பணப்பையை நெஞ்சோடு அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இஸ்திரிக்காரர் வந்து, "வணக்கம்மா," என்று அவளுக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக நின்றார். வக்கீல் ஆபீஸ் என்றால் எங்கேயும் ஒரு மரியாதைதான்.

"ஓனர் எங்கய்யா, இன்னும் காணோம்?" என்று டைம்கீப்பர் கேட்டார்.

"தூரத்துல இல்ல சார்."

அடுத்து மச்சினன் வந்தான். தாடியை மழித்திருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. வென்றவனுக்குரிய பெருந்தன்மையோடு டைம்கீப்பர் அவன் தோளைத் தட்டினார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத மாப்ள. முயலுக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான்."

"முயலப் பத்தி நீங்க ஏன் மாமா கவலப்படறீங்க?" என்றான் அவன், பாசமாக. "அது பாட்டுக்கு வந்துடும்."

தோற்றவன் உளறுகிறான் என்று டைம்கீப்பர் விட்டுவிட்டார். குமாஸ்தா அவரை மேசைக்குக் கூப்பிட்டார். எழுந்தவர், பணப்பையை வைக்க இந்த உலகத்தில் நம்பிக்கையான இடம் ஒன்றுதான் என்று மனைவியின் மடியில் வைத்தார்.

"பத்திரமா வெச்சுக்க. கையை விட்டு எடுத்துடாத."

"எடுக்கவே மாட்டேங்க," என்றாள் அவள்.

மேசையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, குமாஸ்தா விரல் வைத்த இடத்திலெல்லாம் டைம்கீப்பர் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்தின் அடியில் ஒரு கோடும் இழுத்தார். பாதி விலை கேட்டு அலைந்த வாழ்க்கை முடிந்தது. பணம் முயலுக்குத் தப்பியது. பேனாவை மூடி வைத்துவிட்டு, எட்டு வருடத்தில் முதன்முதலாக ஒரு வீட்டுக்காரனின் நடை நடந்து வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குமாஸ்தா தாளைப் புரட்டினார், நிமிர்ந்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, பணம் கைக்கு வந்தாச்சுல்ல, அப்புறம் ஏன் வாங்கறவங்க பெஞ்சுலயே உக்காந்திருக்கீங்க? எழுந்து இந்தப் பக்கம் வாங்க, வீட்ட விக்கறவங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."